மௌஸ் படிப்பது எப்படி: முதல் முறை வாசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆர்ட் ஸ்பீகல்மேனின் மௌஸ் கிராஃபிக் நாவலை இதுவரை நான்கு வாசிப்புக் குழுக்களோடு உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்கள் வேறு. தடுக்கி விழுகிற இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. எலி என்றால் யூதர், பூனை என்றால் ஜெர்மானியர் என்று முதல் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள். ஒரே ராத்திரியில் படித்து முடிக்கிறார்கள். "ரொம்பச் சோகம்" என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

அப்படிப் படித்தவர்கள் பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள். நாஜிகளின் கையில் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பது ஒரு பாதி. அதை அப்பா விளாடெக் எப்படிச் சொல்கிறார், மகன் ஆர்ட்டி (ஸ்பீகல்மேன்தான்) எப்படி வாங்கிக்கொள்கிறான், கைமாறும்போது எது தொலைகிறது என்பது மறுபாதி. கீழே உள்ள வரிசை அந்த மறுபாதிக்காக. கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். விளாடெக் பிழைத்துவிட்டார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

1. கையில் என்னென்ன வேண்டும்

இரண்டு பாகங்களும் வேண்டும். முதல் பாகம் 1986இலும் இரண்டாவது 1991இலும் வந்தன. இப்போது இரண்டும் சேர்ந்து ஒரே புத்தகமாக, கிட்டத்தட்ட 300 பக்கத்தில் கிடைக்கிறது. பழைய புத்தகக் கடையில் முதல் பாகத்தை மட்டும் வாங்கிவந்து, கதை அவ்வளவுதான் என்று நினைத்தவர் என் குழுவிலேயே இருந்தார். அந்தப் பாகம் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாசலோடு நின்றுவிடுகிறது.

காகிதத்தில் படியுங்கள். போனில் படித்தால் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள், பக்கம் முழுசாகக் கண்ணில் படவே படாது. இந்தப் புத்தகத்தில் பக்கம்தான் அடிப்படை. ஒழுங்காக அடுக்கிய கட்டங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கோணலாகவோ பெரிதாகவோ வந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். முதல் பாகத்தின் பிற்பகுதியில் விளாடெக்கும் மனைவி ஆன்யாவும் போக இடமின்றி நடந்து செல்லும் ஒரு காட்சி வருகிறது. அவர்கள் நிற்கிற நாற்சந்தியே நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகா வடிவத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்தான். போனில் படித்த மூன்று பேரும் இதைத் தவறவிட்டார்கள்.

ஒரு பென்சில், ஒரு நோட்டு. அப்புறம் தெற்குப் போலந்தின் வரைபடம். அதில் செஸ்டொகோவா, சொஸ்னோவியெத்ஸ், ஓஷ்வியென்சிம் என்ற மூன்று ஊர்களை வட்டமிடுங்கள். விளாடெக் முதல் ஊர்க்காரர், ஆன்யா இரண்டாவது ஊர். மூன்றாவது ஊருக்கு ஜெர்மானியர் வழங்கிய பெயர்தான் ஆஷ்விட்ஸ். சொஸ்னோவியெத்ஸிலிருந்து அது சுமார் 30 கி.மீ. தூரம்தான். இது தெரியாவிட்டால், பாத்திரங்கள் அந்தப் பெயரைக் கேட்டதுமே ஏன் நடுங்குகிறார்கள் என்பது பிடிபடாது. ஏதோ தொலைதூர மர்மமாக நினைத்துக்கொள்வீர்கள். அவர்களுக்கு அது பக்கத்து ஊர்.

2. நான்கு அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

மொத்தம் 11 அத்தியாயங்கள். முதல் நாள் 1 முதல் 3 வரை, இரண்டாம் நாள் 4 முதல் 6 வரை. இரண்டாம் பாகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு ஒரு நாள், மிச்சம் மூன்றுக்கு ஒரு நாள். நாள் என்றால் அடுத்தடுத்த நாள் அல்ல. இடையில் ஒரு வாரமாவது விடுங்கள். விளாடெக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவில்லை. மாத்திரை எண்ண வேண்டும், களைப்பாக இருக்கிறது, இன்னொரு நாள் வா என்று மகனை அனுப்பிவிடுகிறார். அந்த இடைவெளி உங்களுக்கும் வேண்டும்.

குழு நடத்துபவர்களுக்கு ஒரு கட்டாய வேலை உண்டு. இந்தப் புத்தகத்தில் ஒரு தாயின் தற்கொலை வருகிறது, ஒரு குழந்தையின் சாவும் வருகிறது. முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் முதல் குழுவில் நான் சொல்லவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒருவர் எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. அவர் வீட்டில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

3. முன்னோட்டமாக வரும் இரண்டு பக்கங்களை இரண்டு முறை படியுங்கள்

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இரண்டே பக்கத்தில் ஒரு சின்னச் சம்பவம் இருக்கிறது. நியூயார்க்கின் ரீகோ பார்க் பகுதி. ஆர்ட்டிக்குப் பத்து, பதினோரு வயது. ஸ்கேட்டிங் செய்யும்போது சக்கரம் கழன்று விழுந்துவிடுகிறான், நண்பர்கள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அழுதுகொண்டே அப்பாவிடம் வருகிறான். அவர் மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு இல்லாமல் ஒரு வாரம் ஓர் அறையில் எல்லோரையும் பூட்டி வைத்தால், நண்பன் என்றால் என்ன என்று அப்போது தெரியும் என்கிறார்.

பெரும்பாலானவர்கள் இதை ஒரு பீடிகையாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள். நில்லுங்கள். சிராய்த்த முழங்காலோடு வந்த பிள்ளைக்கு அப்பா கொடுக்கிற அளவுகோல் எது? அந்தப் பிள்ளை பெரியவனாகி, பேனா எடுத்து, இந்தப் புத்தகத்தை வரைகிறான். மிச்சமுள்ள பக்கங்களில் ஆர்ட்டி அப்பாவிடம் எரிந்து விழும்போதெல்லாம் இந்த இரண்டு பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். அவன் கோபம் அற்பமாகத் தெரியாது.

4. யார் பேசுகிறார், எந்தக் காலத்தில் என்பதைப் பிரியுங்கள்

நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நியூயார்க்கில் அப்பாவும் மகனும் பேசும் காலம். வலப்பக்கம் போலந்து. இரண்டும் எங்கே மாறுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் மாற்றம் எளிதாகக் கண்ணில் படும். விளாடெக் உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்குகிறார். கையில் பச்சை குத்திய எண் தெரிகிறது. சக்கரம் சுழல்கிறது, சைக்கிள் இருந்த இடத்திலேயே நிற்கிறது, கதை மட்டும் கிளம்பிப் போகிறது.

இங்கேதான் தமிழ் வாசகர்களுக்கென்றே ஒரு தடுக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கும்போது விளாடெக்கின் வாக்கியங்கள் தாறுமாறாக இருக்கும். வினைச்சொல் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நம் ஆட்கள் உடனே "என் இங்கிலீஷ் போதவில்லை" என்று நினைத்துக்கொண்டு அகராதியைத் தேடுகிறார்கள், அல்லது அச்சுப்பிழை என்கிறார்கள். இரண்டும் இல்லை. அவருடைய ஆங்கிலம் அப்படித்தான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷும் போலிஷும் பேசி வளர்ந்தவர் பேசுகிற ஆங்கிலம் அது.

இப்போது வலப்பக்கத்தைப் பாருங்கள். போலந்துக் காட்சிகளில் இளம் விளாடெக் தடங்கலே இல்லாமல் பேசுகிறார். அங்கே அவர் தன் சொந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சொந்த ஊரில் சரளமாகப் பேசிய மனிதர் புதிய நாட்டில் தட்டுத்தடுமாறுகிறார். ஆசிரியர் இதை எங்கும் விளக்குவதில்லை, இலக்கணப் பிழைகளாலேயே காட்டுகிறார். குழுவில் யாராவது தமிழில் கதையைச் சுருக்கிச் சொல்லும்போது விளாடெக்கின் பேச்சைத் திருத்தி அழகாக்க விடாதீர்கள்.

முதல் அத்தியாயம் முடியும் இடத்தையும் குறித்து வையுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு காதல் விவகாரத்தைச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் புத்தகத்தில் போடாதே என்கிறார் அப்பா. சரி, போட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான் மகன். நாம் அதைப் படித்து முடித்திருக்கிறோம்.

5. விலங்குப் பட்டியல் போடாதீர்கள். அது எங்கே கிழிகிறது என்று பாருங்கள்

எலி யூதர், பூனை ஜெர்மானியர், பன்றி போலந்துக்காரர், நாய் அமெரிக்கர், தவளை பிரெஞ்சுக்காரர். இந்தப் பட்டியல் ஒரு நிமிட வேலை. அதை வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. பட்டியலை உடைக்கிற இடங்களைத் தேடுங்கள்.

ஒளிந்து வாழும் யூதர்கள் போலந்துக்காரர்களாக நடித்துத் தெருவில் போகும்போது பன்றி முகமூடி மாட்டியிருப்பார்கள். விளாடெக்கின் முகமூடி பொருந்திவிடுகிறது. ஆன்யாவின் கோட்டுக்குக் கீழே வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. தோற்றத்திலேயே யூதப் பெண் என்று தெரிந்துவிடும் என்கிற பயத்தை ஒரு வால் சொல்லிவிடுகிறது. அப்புறம் ஒரு நிலவறைக் காட்சி. அங்கே நிஜமான எலி ஓடுகிறது. எலி முகம் கொண்ட ஆன்யா அதைப் பார்த்துப் பயப்படுகிறாள். முகாமில் ஒரு கைதி தான் ஜெர்மானியன் என்று சாதிக்கிறான். ஒரு கட்டத்தில் எலி, இன்னொன்றில் பூனை. உண்மையில் யார் என்பதற்குப் பதில் கிடையாது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், பிரான்சில் பிறந்து யூத மதத்துக்கு மாறிய மனைவி ஃபிரான்சுவாஸை எந்த விலங்காக வரைவது என்று ஆர்ட்டியே திணறுகிறான்.

ஏன் இப்படி? முதல் பாகத்தின் முகப்பில், யூதர்கள் ஓர் இனம்தான் ஆனால் மனிதர்கள் அல்ல என்னும் பொருளில் ஹிட்லரின் வாக்கியம் இருக்கிறது. விலங்கு உருவகம் கொலைகாரர்களுடையது. ஸ்பீகல்மேன் அதைக் கடன் வாங்கி, மாட்டி, ஒவ்வொரு தையலாகப் பிரிக்கிறார். போலந்துக்காரர்களைப் பன்றியாக வரைந்தது அந்த நாட்டில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. குழுவில் அந்தச் சண்டை வந்தால் தடுக்காதீர்கள், நியாயமான சண்டைதான்.

போகிற போக்கில் ஒன்று. யூதர்களின் படங்களில் விலங்குத் தலை புதிதல்ல. 1300ஆம் ஆண்டுவாக்கில் தென் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஒரு ஹகடா (யூதர்கள் பஸ்கா பண்டிகை விருந்தில் வாசிக்கும் நூல்) சுவடியில் மனிதர்களுக்குப் பறவைத் தலைகள் இருக்கின்றன. இப்போது அது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

6. நடுவில் வரும் நான்கு பக்கங்களைத் தாண்டாதீர்கள்

ஐந்தாம் அத்தியாயத்தில் திடீரென்று வேறு புத்தகம் புகுந்ததுபோல நான்கு பக்கங்கள் வரும். மனித முகங்கள், மரச்செதுக்குப் படம்போலக் கரடுமுரடான கறுப்பு. இது ஸ்பீகல்மேன் 1970களின் தொடக்கத்தில் தனியாக வரைந்த சித்திரக்கதை. 1968இல் அம்மா ஆன்யா தற்கொலை செய்துகொண்டதைப் பற்றியது. தொடக்கத்தில் அம்மாவும் சிறுவனும் இருக்கும் நிஜப் புகைப்படம் ஒட்டியிருக்கிறது, ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது.

பாணி மாறியதும் பலர் இதை இணைப்பு என்று நினைத்துப் புரட்டிவிடுகிறார்கள். புத்தகத்தை மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். ஓரம்வரை கறுப்பு அச்சிட்டிருப்பதால், இந்தப் பக்கங்கள் இருக்கும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். இங்கே முகமூடி கிடையாது. அப்பாவின் கதைக்கு எலித் தலை தேவைப்பட்டது. தன் துக்கத்தை ஸ்பீகல்மேன் மனித முகத்தோடுதான் வரைந்திருக்கிறார்.

7. தேதியையும் எண்ணையும் யூதக் கணக்கில் படியுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. மற்ற வழிகாட்டிகள் அவசரமாகக் கடந்துவிடுவதும் இதைத்தான்.

மூன்றாம் அத்தியாயத்தில் விளாடெக் போலந்து ராணுவ வீரராகப் பிடிபட்டு ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் இருக்கிறார். செத்துப்போன தாத்தா கனவில் வந்து, பார்ஷா த்ரூமா அன்று நீ வெளியே போவாய் என்கிறார். பார்ஷா என்றால் யூதர்களின் வேதமான தோராவில் அந்தந்த வாரத்துக்கான பகுதி. தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வருஷம் முழுக்க ஜெபக்கூடத்தில் வாரமுறைப்படி வாசிக்கப்படுகிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. த்ரூமா என்ற பகுதி பிப்ரவரிவாக்கில் வரும். அந்த வாரம் அவர் விடுதலையாகிறார். பிறகு மகனிடம் அடுக்குகிறார்: ஆன்யாவை நான் கல்யாணம் செய்தது இந்தப் பார்ஷா வாரத்தில். நீ 1948இல் பிறந்ததும் இதே வாரம். 13 வயதில் உன் பார் மிட்ஸ்வா சடங்கில் நீ பாடியதும் இதே பகுதி.

"என்ன ஒரு தற்செயல்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நோட்டில் ஒரு வட்டம் போடச் சொல்வேன். ஒரு புள்ளிக்கு த்ரூமா என்று பெயர் வையுங்கள். நான்கு நிகழ்ச்சிகளையும் அதே புள்ளியில் எழுதுங்கள். நேர்கோட்டில் 1937, 1948 என்று வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளி நிற்பவை வட்டத்தில் ஒரே இடத்தில் விழுகின்றன. விளாடெக் நினைவை அடுக்கி வைப்பது அந்த வட்டத்தில்.

அடுத்தது இரண்டாம் பாகத்தில். ஆஷ்விட்ஸில் நொறுங்கிக் கிடக்கும் விளாடெக்கின் கையைப் போலந்துப் பாதிரியார் ஒருவர் பார்க்கிறார். எண் 175113. பதினேழில் தொடங்குகிறது, நல்ல அறிகுறி. பதின்மூன்றில் முடிகிறது, யூதச் சிறுவன் பெரியவனாகும் வயது. எல்லா இலக்கத்தையும் கூட்டுங்கள்: 1, 7, 5, 1, 1, 3. பதினெட்டு. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும்கூட. ஹேத் எட்டு, யோத் பத்து. இரண்டும் சேர்ந்தால் ஹாய், அதாவது உயிர்.

நம் ஊரில் இதைச் சொன்னதும் "ஓ, நியூமராலஜி" என்பார்கள். வண்டி நம்பருக்குக் கூட்டுத்தொகை பார்ப்பது வேறு, இது வேறு. ஆளை எண்ணாக மாற்றுவதற்காக நாஜிகள் பச்சை குத்தினார்கள். அந்த எண்ணையே எழுத்தாகத் திருப்பிப் படித்து ஒரு சொல்லை மீட்டுவிடுகிறார் பாதிரியார்.

இங்கே ஒரு பின்னணிச் செய்தியும் உதவும். பஸ்கா விருந்தில் வாசிக்கும் ஹகடா, ஒவ்வொரு தலைமுறையும் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தானே வெளியேறியதாகக் கருத வேண்டும் என்கிறது. இரண்டாம் பாகத்தில் காரில் போகும்போது ஆர்ட்டி, பெற்றோரோடு நானும் ஆஷ்விட்ஸில் இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது, அவர்கள் பட்டது அப்போதுதான் தெரியும் என்கிறான். கேட்பவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அந்தப் பழைய கட்டளை அவனுக்குள் கோணலாகக் கேட்கிறது என்பது என் கணிப்பு.

8. நினைவு தவறும் இடத்தில் உற்றுப் பாருங்கள்

இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயம். கைதிகள் வாசலைக் கடந்து அணிவகுத்துப் போகும்போது இசைக்குழு வாசித்ததாமே என்று ஆர்ட்டி கேட்கிறான். இசைக்குழுவா? காவலர்கள் கத்தியது மட்டும்தான் கேட்டது என்கிறார் அப்பா. ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது என்கிறான் மகன். இல்லவே இல்லை என்கிறார்.

இப்போது படங்களைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் இசைக்குழு நன்றாகத் தெரிகிறது. அடுத்த கட்டத்தில் நடக்கும் கைதிகள் அதை மறைத்துவிடுகிறார்கள். ஆனால் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. அப்பா சொன்னபடியும் வரைந்தாயிற்று, ஆவணம் சொன்னதையும் அழிக்கவில்லை. குழுவில் இதற்கு மட்டும் கால் மணி நேரம் ஒதுக்குகிறேன். எழுத்தில் இதையே சொல்ல ஒரு பத்தி விளக்கம் வேண்டியிருக்கும்.

நோட்டில் இன்னொரு பட்டியல் தொடங்குங்கள்: புத்தகத்தில் இல்லாதவை. முதலில் எழுத வேண்டியது ஆன்யாவின் குறிப்பேடுகள். ஆர்ட்டி அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கிறான். அவள் இறந்தபின் தானே எரித்துவிட்டதாக முதல் பாகத்தின் முடிவில் விளாடெக் ஒப்புக்கொள்கிறார். கொலைகாரர் என்கிறான் மகன். யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய புத்தகத்தில் அந்தச் சொல் யார் மீது விழுகிறது என்று பாருங்கள்.

விளாடெக்கைப் புனிதராக்க வேண்டாம். பாதி தின்ற உணவுப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார், கறுப்பினத்தவர் ஒருவரைக் காரில் ஏற்றியதற்குக் கொதிக்கிறார். "முகாம் அவரை அப்படி ஆக்கிவிட்டது" என்று யாராவது உடனே சொல்வார்கள். அந்த வாதத்துக்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாம் மனைவி மாலாவும் (நம் ஊர்ப் பெயர்போல இருப்பதால் எல்லோருக்கும் நினைவிருக்கும்) முகாமிலிருந்து தப்பியவள்தான். எங்கள் நண்பர்கள் எல்லோரும் அதைக் கடந்து வந்தவர்கள், இவரைப்போல ஒருவரும் இல்லை என்கிறாள்.

9. மேசைக்கு அடியில் பாருங்கள்

இசைக்குழு வரும் அதே இரண்டாம் பாகம், இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கம். ஆர்ட்டி வரைமேசையில் உட்கார்ந்திருக்கிறான். இம்முறை அவன் மனிதன், எலி முகமூடியைக் கட்டியிருக்கிறான். தேதிகளாகச் சொல்லிக்கொண்டே போகிறான்: 1982இல் அப்பா இறந்தார், 1986இல் முதல் பாகம் வெளிவந்து வெற்றி பெற்றது, 1944 மே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரிய யூதர்கள் விஷவாயுவில் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஒரே குரலில். ஈக்கள் சுற்றுகின்றன. கீழே வந்தால் மேசையைச் சுற்றிப் பிணக்குவியல். எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு போகிறவர்கள் குவியலைப் பார்க்காமலே பக்கம் திருப்பிய சம்பவங்கள் உண்டு, நம்ப மாட்டீர்கள்.

கடைசிப் பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டாம். களைத்துப் படுக்கும் விளாடெக் மகனை ரிஷ்யூ என்று அழைக்கிறார். அது ஆர்ட்டி பிறக்கும் முன்பே, போரில் இறந்துபோன மூத்த பையனின் பெயர். யாரும் பேசவில்லையென்றால் அப்படியே விடுங்கள்.

10. அடுத்து எதைப் படிக்கலாம்

உடனே இன்னொரு முகாம் கதைக்குப் போகாதீர்கள், மரத்துப்போய்விடும். மிரியம் காட்டின் 2006இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நல்ல அடுத்த படி. புடாபெஸ்டிலிருந்து தாயும் சிறுமியும் தப்பி ஒளியும் காலம் சாம்பல் பென்சிலில், பிற்கால வாழ்க்கை வண்ணத்தில். நான்காம் படியில் நீங்கள் நோட்டில் செய்த வேலையை அவர் நிறத்திலேயே செய்துவிடுகிறார். பிறகு இஸ்ரேலியச் சித்திரக்கதைக் கலைஞர் ரூட்டு மோடனின் கிராஃபிக் நாவல். இஸ்ரேலிலிருந்து வார்சாவுக்குச் சொத்து விஷயமாகப் போகும் பாட்டியும் பேத்தியும், பாட்டி சொல்லாமல் மறைப்பதும். கொஞ்சம் சிரிக்கவும் முடியும்.

ஹோர்ஸ்ட் ரோசெந்தாலைக் கடைசியில் வையுங்கள். 1942இல் தெற்குப் பிரான்சின் கூர்ஸ் முகாமில் கைதியாக இருந்தபோதே சின்னக் கையேடாக வரைந்தது. மிக்கி மவுஸ் கையில் அடையாள ஆவணம் இல்லாததால் பிடிபட்டு முகாமுக்கு வருகிறது. மௌஸ் இரண்டாம் பாகத்தின் முகப்பில் மிக்கியைப் பழிக்கும் ஜெர்மன் பத்திரிகை வரிகள் இருக்கும். அதை மறுபடி படித்துவிட்டு இதைத் திறங்கள். முடிவில் மிக்கி, நான் வெறும் படம்தானே என்று சொல்லி, தன்னைத்தானே ரப்பரால் அழித்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. ரோசெந்தால் அதே வருஷம் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டார்.